கவிழ்த்த சைக்கிளும் கசற் பாட்டும்: படை சூழ் குடாநாட்டில் இசையைப் பின்தொடர்தல் குறித்த ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் நோக்கம் இன்னதென்று ஆய்வாளருக்கே தெளிவில்லை. ஆனால் நோக்கம் தெளிவில்லாத கட்டுரைகளுக்குத்தான் குளிரூட்டிய மண்டபமும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கின்றன. ஆகவே துணிந்து தொடங்குகிறோம்.

முதலில் வரைவிலக்கணம். பின்தொடர்தல் எனப்படுவது, தமக்குப் பிடித்த பாட்டுக்காரர் போகுமிடமெல்லாம் தாமும் போதல். மேல்நாட்டு ரசிகருக்கு இதற்கு வாகனம் வேண்டும், நுழைவுச்சீட்டு வேண்டும், நீண்ட தலைமுடியும் வேண்டும். 1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்து ரசிகருக்கு வேண்டியிருந்தவை ஒரு சைக்கிள், ஒரு டைனமோ, ஒரு தம்பி.

எதை ஆராய்ந்தாலும் சங்க காலத்தில் ஒருமுறை கால் நனைத்துவிட்டு வரவேண்டும் என்பது எழுதாச் சட்டம். நனைக்கப் போன பேராசிரியர்கள் சிலர் இன்னும் கரையேறவில்லை. நெடுநல்வாடையிலே அரசன் நள்ளிரவில் பாசறையில் உறங்காமல் புண்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவன் கையில் றேடியோ இருந்ததென்று நக்கீரர் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஆய்வுலகம் இரண்டாகப் பிளப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது யாழ்ப்பாண வைபவமாலை. கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன் வாசித்து, இந்த மணற்காட்டைப் பரிசாகப் பெற்றான் என்று ஒல்லாந்தர் காலத்து மயில்வாகனப் புலவர் எழுதிவைத்தார். அது வரலாறா கதையா என்று அறிஞர்கள் அடிபட்டுக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு ரசிகர் பாட்டுக்குச் சன்மானமாகக் குடாநாட்டையே எழுதிக் கொடுத்த ஊரில், கசற் ஒன்றுக்கு ஒரு கொத்து அரிசி கொடுத்தவனை ஊதாரி என்று ஏசியது முறையாகாது (பெரியம்மா, அடுக்களைப் பேருரைகள், திகதி இல்லை, பல பதிப்புகள்).

இனிப் படைத்துறை மூலம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் 1944இல் கண்டிக்குக் கொண்டுவந்தார். பர்மாக் காட்டில் கிடந்த வெள்ளைச் சிப்பாய்க்குத் தன் ஊர் இசைக்குழுவின் பாட்டு இல்லாவிட்டால் சுடுவதற்கு மனம் வராது என்று கண்டார்கள் போலும். கொழும்பில் றேடியோ சீக் என்ற படையினர் வானொலி எழுந்தது. அதன் 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. றேடியோ சிலோன் பிறந்தது. 1952இல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை அமைச்சர் கேஸ்கர் ஒதுக்கித் தள்ளியபோது, பாரதம் முழுவதும் கொழும்புப் பக்கம் காதைத் திருப்பியது. ஆக, சிப்பாயின் ஏக்கத்துக்கென்று வந்த யந்திரம் வண்ணார்பண்ணைத் திண்ணைக்குப் பாட்டுப் போட்டது. நாற்பது வருடம் கழித்துத் திண்ணையைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். திண்ணையில் றேடியோ இருந்தது, பற்றரி இல்லை.

பற்றரி ஏன் இல்லை? அரசு போட்ட பொருளாதாரத் தடை. பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டக் கூடாத பொருட்கள். மின்சாரமும் நின்றுபோயிற்று, ஜாம் போத்தலில் திரி விட்டு விளக்கேற்றினோம். பற்றரி குண்டுக்கு உதவும் என்பது தடை போட்டவர்களின் வாதம். அது இளையராஜாவுக்கும் உதவும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ரசிகர்கள் மூவகைப்படுவர்: சீருடை இல்லாதவர், சீருடை உள்ளவர், பாட்டே பிடிக்காதவர். மூன்றாம் வகையினர் ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

முதல் வகையினரிடையே இரு மரபுகள் உண்டு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றுவது கவிழ்ப்பு மரபு. ஸ்ராண்டில் நிறுத்தி ஏறியிருந்து மிதிப்பது ஆசன மரபு. டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அது மாறுதிசை மின்னாகையால் ஒரு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு நேராக்கி றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டு நீதி தெளிவானது: பிபிசி தமிழோசைக்கு ஐயா தானே மிதிப்பார், வெரித்தாஸ் செய்திக்கு அண்ணன் மிதிப்பான், திருச்சியில் சினிமாப் பாட்டு என்றால் தம்பி.

இனி இதுவரை எவரும் போடாத கணக்கு. 48 பல் முன்சக்கரம், 18 பல் பின்சக்கரம், 28 அங்குலச் சில்லு உள்ள சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஆறு மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றே முக்கால் கிலோமீற்றருக்குச் சற்று மேல். கசற்றின் ஒரு பக்கம், அதாவது 30 நிமிடம், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சுன்னாகம். மற்றப் பக்கத்தையும் சுற்றினால் காங்கேசன்துறை கடந்து கடலுக்குள் இறங்கிவிடலாம். காங்கேசன்துறையோ 1990 முதல் ஆமியின் கையில் இருந்தது. அதாவது, 'தளபதி'யை முழுதாகக் கேட்ட ஒவ்வொரு தம்பியும் கோட்பாட்டளவில் உயர் பாதுகாப்பு வலயத்தை ஊடறுத்திருக்கிறான் (சின்ன மாமா, வாய்மொழி, திருத்திய பதிப்பு, முதற் பதிப்பில் பொய் குறைவு).

ஆய்வின் உயிர்நாடிக்கு வருகிறோம். றேடியோவுக்கு மின் குறைந்தால் சத்தம் குறையும், பிறகு செத்துவிடும். அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. கசற்றின் விஷயம் வேறு. நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். வேகத்தை நிலைநிறுத்தும் ஏற்பாடு மோட்டருக்குள் உண்டுதான். மின் அது தாங்கும் அளவுக்கும் கீழே இறங்கினால் அதுவும் கைவிரிக்கும். வேகம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் ஒரு சுரத்தானம் இறங்கும். பாதியானால் ஒரு ஸ்தாயி முழுவதும் இறங்கும். எஸ். ஜானகி மெல்ல மெல்ல ஜேசுதாஸை நெருங்குவார். ஜேசுதாஸ் நெருங்கக்கூடிய இடத்தில் மனிதர் எவரும் இல்லை.

"டேய், நித்திரையோ? சுத்தடா!" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வரும். தம்பி திடுக்கிட்டுச் சுற்றுவான். பாட்டு ஒரே மூச்சில் மேலேறும். சுருதி மாறினாலும் ராகம் மாறாது என்பார்கள் சங்கீத வித்துவான்கள். உண்மைதான். ஆனால் ஒரே வரிக்குள் மூன்று தரம் கை உளைந்தால் பிறக்கும் அந்த அசைவை எந்த இலக்கண நூலில் சேர்ப்பது? இதற்கு 'உளைவுக் கமகம்' என்று பெயரிடுகிறோம். இது மூன்று வகை: பசி உளைவு, நித்திரை உளைவு, கோப உளைவு. கோப உளைவு வேகத்தைக் கூட்டுவது. 1992இல் 'ரோஜா' வந்தபோது ரகுமானின் தாளக்கட்டு முன்பு கேட்டதில்லை என்று ஊர் அதிசயித்தது, அதில் எவ்வளவு ரகுமான், எவ்வளவு தம்பியின் கோபம் என்பதைப் பிரித்தறிய வழியில்லை (தேநீர்க்கடை வாங்கு உரைகள், மூன்றாம் தொகுதி, பக்கம் கிழிந்தது, கிழித்தவர் கடன் கணக்கு எழுத எடுத்ததாகச் சொல்கிறார், அக்கடன் இன்னும் தீரவில்லையென்று கடைக்காரர் அடிக்குறிப்பிடுகிறார், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு: தேநீரில் சீனி போதாது).

சீருடை உள்ள ரசிகர் பற்றி ஆய்வாளரிடம் ஒரேயொரு சான்று உண்டு. 1995 முடிவில் பட்டினம் ஆமியின் கைக்கு வந்தபிறகு சந்திக்குச் சந்தி சென்றி. ஒருநாள் பையைக் கிண்டிய சிப்பாய்ப் பொடியன் ஒரு கசற்றை எடுத்து, "சிந்துத?" என்றான். பாட்டுத்தான் என்று தலையாட்டினேன். ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்கள். 'சுராங்கனி' என்ற சொல் மட்டும் அவனுக்கு விளங்கிற்று. வாய்க்குள் மெட்டை முணுமுணுத்தான். துவக்கு தோளில் கிடந்தபடியால் தாளம் போடக் கை ஒன்றுதான் இருந்தது. என்னிடம் பாட்டு இருந்தது, அவனிடம் பற்றரி இருந்தது. கேட்டுவிட்டுத் தருவதாகச் சைகை காட்டினான். மறுநாள் கசற் திரும்பி வந்தது, பி பக்கம் கடைசிவரை ஓடியபடி. ஒரு சுரமும் பிசகாமல் கேட்டிருப்பான். உளைவுக் கமகத்தின் சுவை அறியாத பிறவி.

முடிவுகளைச் சரிபார்க்க, முதன்மைத் தகவலாளியான தம்பியை ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். எந்தப் பாட்டுக்கு அதிகம் கை உளைந்தது என்பது கேள்வி.

"பாட்டோ? எனக்கு என்ன பாட்டண்ணை தெரியும்? டைனமோ காதுக்குள்ளை கிர்ரெண்டு கத்தினதுதான் கேட்டது. பாட்டு அறைக்குள்ளை நீங்களெல்லோ கேட்டனீங்கள்."

இதையடுத்து அவரை ரசிகர் பட்டியலிலிருந்து நீக்கி, 'மின்சார சபை' என்ற புதிய தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறோம். அதைச் சொன்னதும், அப்படியென்றால் ஐந்து வருட நிலுவைக் கட்டணம் எப்போது வரும் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து எமது பக்கத்தில் லைன் தெளிவில்லாமல் போய்விட்டது.