பெருமாளைக் கீழே போடாதே!

எங்கள் கோவளம் வீட்டில் சீட்டுக்கட்டு என்பது சாராயப் பாட்டிலுக்கு ஒரு படிதான் மேல். ரம்மி ஆடி வீட்டை விட்ட தூரத்து மாமா ஒருவரின் கதையைப் பாட்டி எங்களுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டியிருக்கிறாள். அந்த வீட்டுக்குள் சித்தப்பா ஒரு கட்டைக் கொண்டுவந்தார். அதுவும் பெருமாள் பெயரால்.

சாவந்த்வாடியில் வாங்கிய தசாவதார கஞ்சிஃபா. பெயரைச் சொன்னதும், “நோன்பே இன்னும் வரலியேடா, அதுக்குள்ள என்ன கஞ்சி?” என்றாள் பாட்டி. தர்கா இருக்கிற ஊரில் வேறெப்படிக் கேட்பாள்? யோசித்தால் அவள் ரொம்பத் தப்பாகவும் சொல்லவில்லை. முகலாயர் காலத்து ஆட்டம் அது. சிந்துவிலிருந்த ஷா ஹசனுக்கு 1527இல் கஞ்சிஃபா அனுப்பியதை பாபரே எழுதிவைத்திருக்கிறார். அதிலிருந்த கிரீடம், வாள், அடிமை வகையறாக்களை இறக்கிவிட்டு நம்மவர்கள் பத்து அவதாரங்களை ஏற்றினார்கள். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதுப்புது ஆட்டங்களே வகுத்தார். சூது நாமஸ்மரணமாகிவிட்டது.

பாட்டி மட்டும் மசியவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் வந்து நின்றபோதுதான் மசிந்தாள். கரண்ட் இல்லை, டிவி இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை. “அந்தப் பெருமாள் சீட்டை எடுடா, அவர் பேரையாவது சொல்லிக்கிட்டு இருப்போம்.”

மொத்தம் 120 சீட்டு, எல்லாம் வட்டம். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 40. நாற்பது வட்டச் சீட்டை விரித்துப் பிடிப்பது, பொரித்த அப்பளத்தை அடுக்கிப் பிடிப்பது மாதிரி. குலுக்கினால் உருண்டோடும், துணியில் கொட்டிப் பிசைய வேண்டும். “பெருமாளைக் கீழே போடாதே” என்று பாட்டி தன் பட்டுப்புடவையையே விரித்தாள்.

அவதாரத்துக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்றிலிருந்து பத்து வரை சீட்டுகள். ஐந்து அவதாரங்களுக்குப் பத்து பெரிது, மற்ற ஐந்துக்கு ஒன்று பெரிது. துருப்பு கிடையாது. இரவில் கிருஷ்ணர் ராஜாவை வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். பகலில் ராமர் ராஜா.

ஒன்பதாவது அவதாரத்தில் முதல் தகராறு. “பலராமர் எங்கேடா?” அந்த இடத்தில் புத்தர் உட்கார்ந்திருந்தார். “இவர் நம்ம கணக்குலயே இல்லை” என்று சில்லறைப் புத்தர்களை எல்லாம் பாட்டி தள்ளிவிட்டாள். அடுத்த ஆட்டத்தில் புத்தர் ராஜாவே அவள் கைக்கு வந்தார். “எல்லாம் அவன் ரூபந்தானே” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெரிய தகராறு வராகரால் வந்தது. பக்கத்துத் திருவிடந்தையில் இருப்பவர் ஆதிவராகர். காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்து நித்யகல்யாணப் பெருமாள் ஆனவர். முப்பத்தாறு வயதுவரை வரன் அமையாத சித்தப்பா, அங்கே மாலை வாங்கிப் போட்டு ஒன்பது சுற்று சுற்றிய பிறகுதான் சித்தி வந்தாள். அந்தச் சித்தப்பா, பாட்டி இறக்கிய வராகர் மந்திரியை அடித்துவிட்டார்.

“உனக்குப் பொண்ணு பார்த்துக் குடுத்தவரையே அடிக்கிறியாடா?”

“அம்மா, அடிச்சதும் வராகர்தான். அவர் ராஜா, இவர் மந்திரி.”

இருட்டிலிருந்து சித்தியின் குரல் வந்தது: “அடிக்கட்டும் விடுங்க அத்தை. எனக்கும் அவர்கிட்ட ஒரு கணக்கு பாக்கி இருக்கு.”

நள்ளிரவுக்கு மேல் புயல் கரையைக் கடந்தது. நாங்கள் கடக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணர் ராஜா என் கையில். ஓங்கி இறக்கப் போனேன்.

“மணி என்ன?” என்றாள் பாட்டி.

“நாலு.”

“பிரம்ம முகூர்த்தம். பெருமாளே எழுந்திருக்கிற நேரம். விடிஞ்சாச்சு, நகரு.” ராமர் ராஜா இறங்கினார்.

வெளியே கும்மிருட்டு. நடுவரான அம்மா டார்ச்சை ஜன்னல் பக்கம் அடித்துப் பார்த்தாள். மாமியார் முகத்தையும் பார்த்தாள். “விடிஞ்ச மாதிரிதான் இருக்கு” என்று தீர்ப்பு சொன்னாள்.

நிஜமாக விடிந்தபோது பாட்டி ஜெயித்திருந்தாள். சீட்டுக்கட்டை மஞ்சள் துணியில் முடிந்து பூசை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “சீட்டாடற வீடா இது?” என்று எங்களை ஒரு முறை முறைத்தாள். பிறகு வாசலில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தைத் தாண்டிப் போய், பேப்பர் போட வந்த பையனிடம் மெதுவாக விசாரித்தாள்:

“ஏம்ப்பா, அடுத்த புயல் எப்போன்னு போட்டிருக்கானா?”