கேளுங்கள், சொல்கிறோம்

கே: ரொக் அன்ட் ரோல் பாடகர் சக் பெரி 90 வயதில் புது அல்பம் அறிவித்தாராமே! அந்த வயதில் சாய்மனைக் கதிரையில் இருக்கக் கூடாதா? (வாசகர், பல்லேகல)

ப: மைதானம் இருக்கும் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? தொண்ணூறில் நிற்பவரை ‘போதும், வாங்க’ என்று எந்த அணித்தலைவர் கூப்பிடுவார்? (டிக்ளேர் செய்யும் கல்நெஞ்சக்காரர்களும் உண்டுதான்.)

1979க்குப் பிறகு ஸ்டூடியோ அல்பமே போடாதவர், 2016 ஒக்டோபர் 18, தன் பிறந்தநாளன்று அறிவித்தார். கிட்டாருக்கு மகன், மவுத் ஓகனுக்கு மகள். ஆகவே வீட்டில் சத்தம் என்று முறைப்பாடு செய்யவும் ஆளில்லை. பெயர் வெறும் ‘சக்’. 2017 மார்ச்சில் அவர் காலமானார். ஜூனில் அல்பம் வந்தது.

கே: சரி, அந்தப் பழைய பாட்டையெல்லாம் இனி யார் கேட்கப் போகிறார்கள்?

ப: மனிதர்கள்தான் கேட்க வேண்டுமா? 1977இல் கிளம்பிய வொயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் அவருடைய ‘ஜொனி பி. குட்’ போய்க்கொண்டிருக்கிறது, கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானிப் பாட்டோடு. வேற்றுக்கிரகவாசிகளுக்கு அதே தட்டில் 55 மொழிகளில் வணக்கமும் உண்டு. சிங்களம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது. தமிழ் இல்லை.