கல்லூர்ந்து வந்த பழைய மாணவர்

கடலூரில் நான் படித்த கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. முன்னாள் விளையாட்டு வீரர்கள் தினம். "வீரர்" என்ற சொல்லைப் பார்த்ததும், "நம்பர் மாறி வந்திருக்கும்" என்றாள் என் மனைவி. குண்டு எறிதலில் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். அன்று எறிந்தவர்கள் மூன்று பேர் என்பதை அவளிடம் சொன்னது என் தப்பு.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் வாயில் அது திருப்பாப்புலியூர்; முழுப் பெயரைச் சொல்லும் பொறுமை ரயில்வே அறிவிப்புக்கு மட்டும்தான் உண்டு. பெயரில் உள்ள புலி, வியாக்கிரபாதர் என்னும் புலிக்கால் முனிவர். வண்டு வாய் வைக்குமுன் மரமேறிப் பூப்பறிக்க, வழுக்காத புலிக்கால் வேண்டும் என்று வரம் வாங்கியவர். ஸ்பைக்ஸ் ஷூவை உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான் என்பது என் துணிபு. சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயரும் அவரால்தான். ஒரே ஸ்பைக்ஸ், இரண்டு மைதானம்.

எங்கள் கல்லூரிக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்பே இங்கே ஒரு கல்லூரி இருந்தது. சமணப் பள்ளி, ஊருக்கு அப்போது பாடலிபுத்திரம் என்று பெயர். சர்வநந்தி என்ற முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைப் பாடலிகை என்ற ஊரில் முடித்தது சக ஆண்டு 380, அதாவது பொ.ஆ. 458. அந்தப் பாடலிகை இதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. பூஜ்யத்துக்கும் இடம் ஒதுக்கி எண்களைச் சொன்ன மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. அதே மண்ணில் நான் முதலாண்டு கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்கை ஊர்ப்பற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஏழாம் நூற்றாண்டுவாக்கில் திருவாமூரிலிருந்து வந்து சேர்ந்தவர் மருள்நீக்கியார். படித்தார், தருமசேனர் என்று பட்டம் வாங்கினார், அங்கேயே தலைவராகவும் ஆனார். பிறகு வயிற்று வலி வந்தது. சூலை நோய் என்கிறார் சேக்கிழார். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எந்த மந்திரத்துக்கும் வலி மசியவில்லை. சமையல்காரரையே தூதனுப்பினார், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம். வயிற்று வலியைப் பற்றிச் சொல்லச் சமையல்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார்? "நான் அங்கே வர மாட்டேன்" என்றார் அக்கா. தம்பி டி.சி. கூட வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார். அக்கா திருநீறு கொடுத்தார், தம்பி பதிகம் பாடினார், வலி போயிற்று.

தலைவரே காணாமல் போனால் கல்லூரி சும்மா இருக்குமா? புகார் பல்லவ அரசனிடம் போனது. அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பார்கள் வரலாற்றுக்காரர்கள். மத்தவிலாசப் பிரகசனம் எழுதியவன். நாய் தூக்கிப்போன ஒரு கபாலத்துக்காகக் காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் காஞ்சித் தெருவில் மல்லுக்கு நிற்கவிட்ட நாடகம் அது. அப்பேர்ப்பட்டவன் தலைமை விருந்தினன் என்றால் போட்டிகள் எப்படி இருக்கும்?

நான்கு போட்டிகள், ஒரே போட்டியாளர், நடுவர்கள் எல்லாரும் பழைய சகாக்கள். முதல் போட்டி சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் உட்காருவது. திறந்து பார்த்தால் ஆள் ஊட்டியில் இருந்து வந்தவர்போல் இருந்தார். அடுத்தது சாப்பாட்டுப் போட்டி, நஞ்சு கலந்த பாற்சோறு. பள்ளிச் சாப்பாட்டில் பழகிய வயிறு, செரித்துவிட்டது. மூன்றாவது யானை. அது வலம் வந்து கும்பிட்டுவிட்டு, ஏவியவர்கள் பக்கமே திரும்பியது. ஓட்டப்பந்தயம் நடந்தது, ஓடியவர்கள்தான் வேறு.

கடைசிப் போட்டி நீச்சல். உடம்பைக் கல்லில் கட்டி, படகில் கொண்டுபோய், நடுக்கடலில் தள்ளினார்கள். நமச்சிவாயப் பதிகம் பாடினார், கல் தெப்பமாயிற்று. அலை கொண்டுவந்து சேர்த்த இடம் எது? பழைய கல்லூரி இருந்த அதே திருப்பாதிரிப்புலியூர். கல்லை ஊர்ந்து வந்த இடத்துக்குக் கல்லூரி என்று பெயர் வைப்பதுதானே முறை! மூழ்காமல் மேலேயே வந்ததால்தான் அப்பர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன், அப்பர் பெர்த் மாதிரி. சீர்காழியில் சம்பந்தர் வாய் நிறைய "அப்பரே" என்று அழைத்ததால் வந்த பெயர் அது.

இந்த ஸ்கோர் எல்லாம் பெரியபுராணம் சொல்வது. எழுதிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். ஐந்நூறு வருஷம் கழித்து, ஜெயித்த அணியின் கேலரியில் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட். தோற்ற அணியும் ஒன்று எழுதியிருந்தால் யானை எந்தப் பக்கம் திரும்பியிருக்குமோ!

பழைய மாணவர்கள் வழக்கமாகக் கல்லூரிக்கு ஒரு டியூப்லைட் வாங்கித் தருவார்கள்; வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் "உபயம்" என்று எழுதுவார்கள். இந்தப் பழைய மாணவரால் மனம் மாறிய அரசனோ, கல்லூரியையே இடித்து, கல்லை எடுத்துப்போய்த் திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்கிறது புராணம்.

மைதானத்துக்கு வருகிறேன். ஐம்பது தாண்டியவர்களுக்கு ஆறு கிலோ குண்டு. கழுத்தோடு ஒட்டி வைத்து, உடம்பைத் திருப்பி, மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். குண்டு என்னைவிட்டுப் பிரிய மனமில்லாமல் காலடியிலேயே விழுந்தது. நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் பி.டி. சார். எண்பது வயது. விசில் மட்டும் இல்லை, முறைப்பு அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீயெல்லாம் கரையேற மாட்டடா" என்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் ரயிலேறி வந்திருந்தேன் என்பது அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

அப்பர் ஒதுங்கிய இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர். வருஷா வருஷம் சித்திரை அனுஷத்தன்று அவர் கரையேறிய விழா நடக்கிறது. எனக்குக் கிடைத்தது இந்த ஒரு மத்தியானம்தான்.

"சார், கரையேறிட்டேன்" என்றேன். "வேலை, கல்யாணம், ரெண்டு பசங்க. சொந்த வீடும் வாங்கிட்டேன்."

"கடன் இருக்கா?"

"இன்னும் பன்னெண்டு வருஷம் கட்டணும் சார்."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கல்லோடதான் வந்திருக்கேன்னு சொல்லு."