ஊற்றுக்கு இரண்டு பேர்ச்

அனுப்புநர்: செயலாளர், குடிநீர்க் கமிட்டி (இன்னும் பதிவாகாதது), கீழ்ப்பிரிவு லயம், உடப்புசல்லாவை.
பெறுநர்: தோட்டக் குடிநீருக்குப் பொறுப்பானவர், எங்கிருந்தாலும்.

பெருமதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

உறையின் மேல் யார் பெயரை எழுதுவது என்பதிலேயே எங்கள் கமிட்டிக்குள் அடிபிடி. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்றார் தலவர். 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மூத்த பிள்ளை அது. கிராமத்துத் தண்ணீருக்கென்றே 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் வந்துவிட்டதே என்றார் இன்னொருவர். பிரதேச சபை, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், 2018 இல் சட்டம் போட்டு அமைத்த மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபை, கம்பனி, ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும் அமைச்சு என்று பட்டியல் நீண்டது. எங்கள் லயத்துக்கு இருப்பதோ ஒரே ஒரு பீலி. அதற்குப் பொறுப்பாளர்கள் ஏழு பேர். பிள்ளைக்காம்பராவில்கூட இவ்வளவு கவனிப்பு இல்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் பீலியில் விழும் தண்ணீர், தேயிலை போடாமலே பிளேன்டீ நிறத்தில் இருக்கிறது. நல்ல தேயிலை ஏலத்துக்குப் போக எங்களுக்கு மிஞ்சுவது தூள். இப்போது அந்தத் தூளும் மிச்சம். சீனியையும் கலந்துவிட்டால் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அதையும் ஒரு கொடுப்பனவாகக் கணக்குக் காட்டலாம்.

எங்கள் நீர் வழங்கல் திட்டத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊற்று மேலே காட்டோரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கறுப்பு ஓஸ் பைப் தேயிலை மலைக்குள்ளால் இறங்கி, லீக்ஸ் பாத்திகளைச் சுற்றி, மாட்டுப்பட்டியை ஒட்டி, பழைய கக்கூஸ் வரிசைக்குக் கீழால் வளைந்து லயத்துக்கு வருகிறது. மூட்டுக்கு மூட்டு சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம். கட்டு இளகினால் உள்ளே இருப்பது வெளியே போகும். பைப்பில் தண்ணீர் வற்றினால் வெளியே இருப்பது உள்ளே போகும். பீலி வாயில் ஒரு பழைய சேலைத்துண்டு. அதுதான் சுத்திகரிப்பு நிலையம். சருகும் மண்ணும் தலைப்பிரட்டையும் அதில் நின்றுவிடும். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்கிறது எஸ்.எல்.எஸ். 614 தரம். சேலைக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மக்களின் தண்ணீரை மக்களே நிர்வகிக்க வேண்டும் என்கிறீர்கள். மெத்தச் சரி. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் அதுதான் நடக்கிறது. 1993 இல் உலக வங்கிக் கடனோடு பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய முறை அது. ஊற்றைச் சுற்றிச் சிமெந்துக் கட்டு, மூடி போட்ட தொட்டி, வீட்டுக்கு வீடு மீற்றர். செலவில் ஒரு பங்கை ஊரார் உழைப்பாகவும் காசாகவும் போட்டார்கள். சங்கமே கட்டணம் அறவிட்டுக் குளோரின் போடுகிறது. பைப் உடைந்தால் பொருளாளர் வாசலில் போய்ச் சத்தம் போடலாம். எங்களுக்குச் சத்தம் போட வாசல் இல்லை.

நாங்களும் பிரட்டுக் களத்தில் ஒரு சங்கம் கூட்டி, படிவம் நிரப்பினோம். 'நீர்மூலம் அமைந்துள்ள காணியின் உரிமையாளர்' என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். காணி அரசாங்கத்தினது, 1992 இலிருந்து 53 வருடக் குத்தகையில், அதாவது 2045 வரை, கம்பனிகளிடம் இருக்கிறது. ஆகவே தோட்டத்தை நடத்தும் தொரையின் கடிதம் வேண்டுமாம். தொரை நல்ல மனுசன். ஆனால் கடிதம் வருமுன் அவருக்கு மாற்றம் வந்துவிடுகிறது; புதுத் தொரை கோப்பை முதல் தாளிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். கடைசியில் உரிமையாளர் கட்டத்தில் 'மலை' என்று எழுதி அனுப்பினோம். ஒப்பம் இல்லை என்று திரும்பி வந்தது. பெருவிரல் அடையாளம் போதுமென்றால் அறியத் தரவும், வாங்கி அனுப்புகிறோம்.

இதற்கிடையில், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, அதனூடாக வாருங்கள் என்றார் ஓர் உத்தியோகத்தர். பல தோட்டங்களில் அந்தச் சங்கத்துக்குத் தலைவரே தொரைதான். தண்ணீர் வரவில்லை என்று தலைவர் தொரைக்கு எழுதுவார். பரிசீலிக்கிறேன் என்று தொரை தலைவருக்குப் பதில் எழுதுவார். தபால் செலவு மிச்சம்.

பிரதேச சபையைக் குறை சொல்ல மாட்டோம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33 ஆம் பிரிவில் தோட்டங்களைச் சொல்லாமல் விட்டு, நாங்கள் வாக்குப் போட்ட சபையே எங்கள் பைப்புக்கு ஓர் எல்போ வாங்க முடியாமல் வைத்திருந்தது. 2018 இல் திருத்தினார்கள். ஒரு சொல்லைத் திருத்த முப்பத்தொரு வருடம் என்றால், பைப்பைத் திருத்த எவ்வளவு என்று எங்கள் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். 2015 இல் உலக வங்கிப் பணத்தில் வந்த குடிநீர்த் திட்டத்தில் நுவரெலியா மாவட்டமும் தோட்டங்களும் சேர்ந்தன என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தொட்டி கட்டுவது சுலபம். அதன் சாவி யார் மடியில் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

இதே மலையின் தண்ணீர்தான் மகாவலியில் சேர்ந்து, ரந்தம்பையில் மின்சாரமாகிக் கீழ்நாட்டு வயல்களுக்குப் போகிறது. அதற்கு யாரும் தொரையின் கடிதம் கேட்டதில்லை.

வீட்டுக்கு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று வாக்குக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதைப் பிறகு பேசுவோம். இப்போதைக்கு ஊற்றுக்கும் தொட்டிக்குமாக இரண்டு பேர்ச் நிலத்தைக் குத்தகையிலிருந்து விடுவித்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் தெரிவுசெய்யும் சங்கத்தின் பெயரில் எழுதித் தாருங்கள். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையைத் தமிழில் லயச் சுவரில் ஒட்டுங்கள். பைப் புதைக்கவும், சந்தா தண்டவும், குளோரின் போடவும் இங்கே ஆள் இருக்கிறது. பதிலோடு புதிய படிவம் எதையும் இணைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்