மைனர் வீட்டு மாப்பிள்ளை

கோழி அடைகாத்து முடியும்வரை காரைத் தர முடியாது என்று கலஹா கிளாக்கர் ஐயா சொன்னபோதே, சகுனம் சரியில்லை என்று நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"இன்னும் பதினேழு நாள் கெடக்கு தம்பி. இப்ப சீட்டை அசைச்சா அத்தனையும் கூமுட்டையாப் போயிடும். அட்வான்ஸைக் குடுத்திட்டுப் போங்க. குஞ்சு பொரிச்சதும் கோல் எடுக்கிறேன்."

நடந்தது 2019இல். மாட்டுக் கொட்டிலில், புண்ணாக்கு மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றது 1954ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். பின் சீட்டின் தும்பைக் கிளறிக் கூடு கட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கோழி என்னை மேலும் கீழும் பார்த்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பாட்டி பார்க்கும் பார்வை அது.

இந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது மொரிஸ் கம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபுவே முகம் சுளித்து, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த முட்டை, பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. கோழிக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இலக்கத் தகட்டில் ஈ.என். எழுத்து. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையே பிரித்துப் பிரித்துக் கார்களுக்குக் கொடுத்து வந்த காலத்தது. தகட்டில் ஏறிய சிங்கள ஸ்ரீ எழுத்துக்காக ஊரெல்லாம் தார்ச்சட்டியும் கையுமாக அலைந்த 1958க்கு முந்தியது. அந்தச் சண்டையில் என் கார் எந்தப் பக்கமும் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் மாட்டுக் கொட்டிலில் நிம்மதியாக இருந்திருக்கிறது.

நான் ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். இந்த ஆசை எனக்குப் பத்து வயதில் தொற்றியது. ஒரு ஏப்ரல் சீசனில் அப்பா நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய், மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைக் காட்டினார். 1934 முதல் நடக்கும் பந்தயம். குளிரில் பல் தந்தியடிக்க, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழட்டுக் கார் வளைவில் உறுமிக்கொண்டு மேலே போனது. அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போனது, வெளியே வரவேயில்லை. பிறகு ஹொட் ரொட் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத வாலிபர்கள் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, மட்காட்டைக் கழற்றி எறிந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சினைப் பூட்டி, வற்றிப்போன ஏரிப் படுகைகளில் பறந்திருக்கிறார்கள். கையில் காசில்லாதவர்கள் என்ற இடம் எனக்குப் பிடித்திருந்தது. வற்றிப்போன ஏரி என்ற இடத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கண்டியில் ஒரே ஒரு வாவி, அது வற்றுவதில்லை.

எங்கள் வீடு அம்பிட்டிய ஏற்றத்தில். கராஜ் ரோட்டோடு ஒட்டி. வீடு அதற்கு மேல் முப்பத்தெட்டுப் படி ஏறினால். கராஜில்தான் என் டியூஷன் வகுப்பும் நடந்து வந்தது. கார் வந்ததும் வகுப்பு வீட்டு ஹோலுக்கு ஏறியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கார் விலையை எழுதினாள். அந்தக் கொப்பி இப்போது மூன்றாவது பாகத்தில் இருக்கிறது.

மெக்கானிக் பாஸ் வந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர். தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் முப்பது வருடம் இருந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். நான் படம் வரைந்து வைத்திருந்தேன். கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்த வேண்டும் என்றேன்.

"சேர், ஒட்டுறதுக்குத்தான் ஆளுங்க எனக்குச் சல்லி தாறது. நல்லா இருக்கிறத வெட்டச் சொல்லி இதுதான் முதல் தடவை."

விட்டுக்கொடுக்காமல் நான் சரித்திரத்தை எடுத்தேன். இந்தக் காரை வரைந்த அலெக் இஸிகோனிஸே, கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நெடுக இரண்டாகப் பிளக்க வைத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டைப் பட்டை அந்த வெட்டின் தழும்புதான். பாஸ் பொனட்டைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அந்த மாத்தையா வெட்டிட்டாரு. இனி நம்ம வெட்டத் தேவையில்ல."

கூரை தப்பியது. வெட்டியிருந்தால் என் மாமனார் தொப்பியோடு ஏற முடியாது என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

அடுத்தது எஞ்சின். பழையது 803 சீசீ, புதிதாக இருந்தபோதே 30 குதிரைச் சக்தி. மணிக்கு 60 மைல் பிடிக்கவே தவம் கிடக்கும். இப்போது அதற்குள் தவிடும் ஒரு அரணைக் குடும்பமும் இருந்தன. பஞ்சிகாவத்தைக்குப் போனோம். ஒரு முழு வாகனத்தைக் கழற்றி நூறு கடைகளில் தொங்கவிட்டது போன்ற தெரு அது. போதிய நாளும் சல்லியும் இருந்தால் ஒரு முனையில் நடக்கத் தொடங்கி மறுமுனையில் ஓட்டிக்கொண்டு வெளியேறலாம். அங்கே ஒரு நிசான் சன்னியின் ஏ-12 எஞ்சின், 1171 சீசீ, ஏறத்தாழ 68 குதிரை. அமெரிக்க வாலிபர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் வீ-8 எஞ்சின், தொடக்கத்தில் வெறும் 65 குதிரைதான். அந்த மூன்று குதிரை வித்தியாசத்தில் நான் கொழும்பிலிருந்து கண்டிவரை சிரித்துக்கொண்டே வந்தேன். கடுகண்ணாவையில் லொறி மூச்சு வாங்கியபோதும் சிரித்தேன்.

வீட்டில் மாமனார்தான் கேட்டார்: "மொரிஸ் காருக்கு நிசான் எஞ்சின் பொருந்துமா மருமகன்? சாதி வேறயில்ல?"

வேறில்லை. 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒன்றாகின. உடனே மைனருக்குள் ஒஸ்டின் எஞ்சினைப் பூட்டினார்கள். அதே 1952இல்தான் ஜப்பானில் நிசான், ஒஸ்டின் கார்களைச் செய்ய ஒப்பந்தம் போட்டுத் தொழில் படித்தது. ஆக, மைனருக்கு ஒஸ்டின் சம்பந்தி. சம்பந்தியிடம் பாடம் கேட்டவன் நிசான். பத்துப் பொருத்தத்தில் எட்டு வந்துவிட்டது. பெயரிலேயே மைனராக இருப்பவர் வீட்டில் மாப்பிள்ளை எடுப்பதென்றால் இதைவிட என்ன வேண்டும்?

தோஷம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மொரிஸுக்கு பெட்டரியின் பொசிட்டிவ் முனை பொடியில். சன்னிக்கு நெகட்டிவ் முனை பொடியில். இதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் விளக்குகிறவன் நான். ஒரு சனிக்கிழமை, பாஸ் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பெட்டரியை நானே பூட்டினேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய நீலப் புகை, சாம்பிராணி போட்டது மாதிரி எழுந்தது. படியில் நின்ற மாணவன் ஒருவன், "சேர், இது ஓமின் விதியா?" என்று கேட்டான். அவனுக்கு அந்தத் தவணை நான் நல்ல புள்ளி போடவில்லை.

மாப்பிள்ளை வீட்டோடு வருவதென்றால் வீட்டை இடித்துத்தான் ஆக வேண்டும். கியர் பொக்ஸ் கொஞ்சம் பெரிது. சாரதிக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவேயுள்ள மேட்டை வெட்டி உயர்த்தினார் பாஸ். உயர்த்தப் போனால் தரைத் தகடு பிஸ்கட் மாதிரி உடைந்தது. இங்கேதான் காலிக்கு நன்றி சொல்ல வேண்டும். இங்கிலாந்தில், பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் இலங்கைக்காரர் ஒருவரோடு சேர்ந்து காலியில் ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கினார். மைனர் காரின் தகடுகளையும் பாகங்களையும் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் செய்து இங்கே அனுப்பிய காருக்கு நாங்கள் உடுப்புத் தைத்து அங்கே அனுப்பியிருக்கிறோம். இந்தச் செய்தியைச் சொன்னால் கண்டியில் யாரும் நம்புவதில்லை. பாஸும் நம்பவில்லை, ஆனால் தகட்டை வாங்கி ஒட்டினார். ஒட்ட முடியாத இடங்களுக்கு கெட்டலோய் அப்பினார். கெட்டலோயைக் கழித்தால் என் காரில் இரும்பு எவ்வளவு என்ற கணக்கை நான் இன்றுவரை போடவில்லை.

ஹொட் ரொட் என்றால் மட்காட் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். எஞ்சின் ஏறிய முதல் தடவையிலேயே, மட்காட் இல்லாமல் ஒரு வெள்ளோட்டம் போனேன். முந்தின இரவு நல்ல மழை. அன்று போயா தினம் என்பது அம்பிட்டிய இறக்கத்தில் பாதி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தலதா மாளிகைக்கு அல்லிப் பூத் தட்டுகளோடு வெள்ளை உடுத்து ஒரு குடும்பம் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தது. முன் சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கியது. அதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. சீலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சில் எடுத்த நாள் என்பதால் வாயை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று பின்னேரமே நாலு மட்காட்டும் திரும்ப ஏறின. கலிபோர்னியாக்காரனுக்கு மழையும் இல்லை, போயாவும் இல்லை.

ஆனால் அந்த எஞ்சின் உடனே திரும்ப இறங்கியது. கிளச் பிழை, பிறகு அது இது. அப்படி எஞ்சின் இல்லாமல் நிற்கும்போதுதான் 2022 வந்தது. பெட்ரோல் செட் வாசல்களில் நாள்கணக்கில் கியூ. பிறகு ஜூலையில் கியூ.ஆர். அட்டை: காருக்கு வாரம் 20 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அட்டைக்குப் பதிகிற இடத்தில் இலக்கம் கேட்டார்கள், செசி இலக்கம் கேட்டார்கள். எஞ்சின் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். கார் வந்த நாளிலிருந்து அவள் அதை மரியாதையாகப் பார்த்தது அன்றுதான். அவளுடைய ஸ்கூட்டர் மூன்று வாரமாகப் படுத்திருந்தது.

டியூஷன் பிள்ளைகள் பதினொரு பேர் தள்ள, எஞ்சின் இல்லாத மைனர் டவுனை நோக்கி இறங்கியது. இறக்கம்தானே. கியூவில் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அந்த நாட்களில் எல்லாருமே காரைக் கையால்தான் தள்ளினார்கள். பென்ஸ் தள்ளினார்கள், பிரியஸ் தள்ளினார்கள். எங்கள் மைனரும் பெரிய மனிதர் வரிசையில் கண்ணியமாகத் தள்ளப்பட்டு முன்னேறியது. முன்னால் நின்றவர் திரும்பி, "பழைய கார்தான் நல்லம் சேர், சத்தமே இல்லையே" என்றார்.

20 லீட்டர் கிடைத்தது. ஏற்றத்தில் இழுத்துவந்த சின்ன லொறிக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு 6 லீட்டர். தாங்கியின் அடியில் கெட்டலோய் விட்டுக்கொடுத்ததில் இரண்டு. தள்ளிய பதினொரு பேருக்கும் மாலு பணிஸும் பிளேன்டீயும். அந்த வருடத்து விலையில். சாய்தளக் கணக்கில் உராய்வைப் புறக்கணிக்குக என்று இனி எழுத வேண்டாம் சேர் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்.

மறுபடி எஞ்சின் ஏறி, பிரேக் பார்க்கும்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. 30 குதிரைக்காகச் செய்த ஏழு அங்குல பிரேக் ட்ரம், இப்போது 68 குதிரையைப் பிடிக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் இயக்க சக்தி நான்கு மடங்கு: இருபது வருடமாக நான் பலகையில் எழுதும் வரி. எழுதும்போது வியர்த்ததில்லை. மாஸ்டர் சிலிண்டரோ, சாரதியின் காலுக்குக் கீழே, செசிக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை உருவ வேண்டுமென்றால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். பாஸ் மூன்று நாள் காருக்கு அடியில் கிடந்தார். இஸிகோனிஸின் குடும்பத்தைப் பற்றி அப்போது அவர் சொன்னது எதையும் இங்கே அச்சேற்ற முடியாது.

எல்லாம் முடிந்தும் தீராத ஒன்று, சிக்னல் கை. பழைய மைனரில் மின்னி அணையும் விளக்கு கிடையாது. முன் கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சிறிய கை ஒன்று வெளியே நீளும், உள்ளே செம்மஞ்சள் வெளிச்சத்தோடு. வலப்பக்கக் கை ஒழுங்கு. இடப்பக்கக் கை வெளியே வர, தூணில் ஒரு குத்துவிட வேண்டும். அது மனைவியின் இலாகா. வெளியே வந்தால் உள்ளே போகாது. எண்ணெய் விட்டோம், ஸ்ப்ரிங் மாற்றினோம், பாஸ் கெஞ்சியும் பார்த்தார். கை நீட்டியபடியேதான் நாங்கள் கல்யாண வீடுகளுக்குப் போனோம்.

2024 ஓகஸ்ட், பெரஹரா வாரம். மனைவியோடு பேராதனை போய்த் திரும்புகிறேன். மனதுக்குள் மகாகஸ்தோட்ட வளைவு. கெட்டம்பேயில் டிரஃபிக். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் திரீவீல். 68 குதிரையும் லாயத்தில் நின்று காலால் தரையைக் கிளறின. இருபது நிமிடத்தில் நாற்பது மீற்றர் போயிருப்போம். குளித்துவிட்டு வந்த யானை ஒன்று இடது ஓரமாக எங்களைத் தாண்ட வந்தது. நனைந்த தோல், சங்கிலிச் சத்தம், பக்கத்தில் அங்குசத்தோடு பாகன். மனைவி கண்ணாடியை மேலே சுற்றினாள். யானை நின்றது. நீட்டியபடி எரிந்துகொண்டிருந்த சிக்னல் கையைப் பார்த்தது. தும்பிக்கை நுனியால் அதைத் தொட்டு முகர்ந்தது. கரும்பில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு, பிள்ளையின் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக ஒரு தட்டு.

கை உள்ளே போய், டக்கென்று மூடிக்கொண்டது.

ஐந்து வருடம். மனைவி கண்ணாடியைத் திரும்ப இறக்கி, தூணை ஒருமுறை குத்திப் பார்த்தாள். வெளியே வந்தது. சுவிட்சைத் திருப்பினேன். உள்ளே போனது.

பாகன் குனிந்து, ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"பாஸுக்கு ஏதாவது குடுங்க சேர்."