டப்பா வேட்டைக்காரர்

எடின்பரோவின் வடக்கு விளிம்பில் கிராமண்ட் என்றொரு கரையோரச் சிற்றூர். அங்கிருந்து ஒரு மைல் தள்ளி, கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய ஒரு குட்டித் தீவு. விடுமுறை நாள் காலையில் மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக, கையிலிருக்கும் கருவியை முறைத்தபடி அந்தப் பாதையில் ஒருவர் போனால் பயப்பட வேண்டாம். டப்பா தேடுகிறார்.

இந்த ஆட்டத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகானில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ராணுவத்துக்காக ஏவிய செயற்கைக்கோள்களுக்கு இப்படியும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. டப்பாவைக் கண்டுபிடித்தால் உள்ளேயிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பரிசு.

பாதை ஓரத்தில், இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படகுகளைத் தடுக்க நட்ட கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். வந்தவர்களெல்லாம் படம் எடுப்பார்கள். நம்மவருக்கு அவற்றைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்: காந்த டப்பா ஒட்டாது.

செயற்கைக்கோள் சில மீட்டர் வரைதான் கொண்டுவந்து விடும். மீதியை முழங்காலில் கடக்க வேண்டும். அம்புக்குறி வலம் காட்டும், இடம் காட்டும். நம்மவர் ஒரு புதரை நவக்கிரகம் மாதிரி சுற்றிவருவார். அந்த நேரம் பார்த்து நாயோடு யாராவது வந்துவிடுவார்கள். வெளியாள் கண்ணில் டப்பா படக்கூடாது என்பது இவர்கள் கூட்டத்தின் சட்டம். உடனே குனிந்து பூட்ஸின் கயிற்றைக் கட்ட ஆரம்பிப்பார். ரப்பர் பூட்ஸுக்கு ஏது கயிறு? நாய்கூடச் சந்தேகமாகப் பார்க்கும்.

டப்பா கிடைத்துவிடும். தாளின் முதல் வரியில், அன்று விடியற்காலையே வந்துபோன வேறொருவரின் கையெழுத்தும் இருக்கும். அந்தத் துக்கத்தை ஆற்ற ஒரு பாறையில் உட்காருவார். கடல் ஏறத் தொடங்கியிருக்கும்.

வற்றத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம்தான் பாதை திறந்திருக்கும். கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். 81400க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலும் நேரம் சொல்வார்கள். தான் நிற்கும் இடத்தைப் பாகையும் கலையுமாக ஒப்பிக்கத் தெரிந்த மனிதர் மணி பார்க்கவில்லை.

குயீன்ஸ்ஃபெரியிலிருந்து உயிர்காப்புப் படகு வரும். தன்னார்வலர்கள், திட்ட மாட்டார்கள்.

"தீவில் என்ன செய்தீர்கள் ஐயா?"

"பறவை பார்த்தேன்."

"என்ன பறவை?"

"சின்னது."

வீட்டுக்கு வந்ததும் ஈரக் காலுறையோடு கணினி முன் உட்கார்ந்து விளையாட்டுத் தளத்தில் பதிவு எழுதுவார். டப்பா நனையவில்லை, மூடி இறுக்கமாக இருக்கிறது, வைத்தவருக்கு நன்றி. கூடவே ஒரு திருத்தம்: நிலக்கடினத்துக்கு ஐந்து புள்ளி தர வேண்டும். படகு போன்ற தனிச் சாதனம் தேவைப்படும் இடத்துக்கு ஐந்து என்பது விதி, திரும்பும்போது தேவைப்பட்டதே.