பாதுகாவலன்

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்திம்பேர் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டார். தலைப்பு, "இலங்கை: கலாசாரம், இயற்கை, கடற்கரை". கலாசாரத்துக்கு மஞ்சள், இயற்கைக்குப் பச்சை, கடற்கரைக்கு நீலம். வலது ஓரத்தில் "பொறுப்பு" என்று ஒரு கட்டம். பாஸ்போர்ட், அத்திம்பேர். மருந்து, மன்னி. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அக்கா. என் பெயருக்கு நேரே, செருப்பு.

யாரும் சிரிக்கவில்லை. கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தை மட்டும் கைகூப்பு போட்டாள். அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவாள், இரங்கல் செய்தி உட்பட.

தீவுச் சுற்றுலாவைத் திட்டமிடுவதில் நம்மவர்கள் அத்தனை பேரும் செய்கிற அடிப்படைத் தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்தச் செருப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பெசன்ட் நகரில் எலியட்ஸ் பீச்சுக்குக் குடும்பத்தோடு போனால் என்ன நடக்கும்? முதலில் அஷ்டலட்சுமி கோயில். வாசலில் எல்லாரும் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். "நீ அப்பறமா போய்க்கோ" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அடுத்து மணல். தண்ணீருக்குப் பத்தடி முன்னால் மறுபடி எல்லாரும் கழற்றுவார்கள். வேஷ்டியும் புடவையும் பேன்ட்டும் முழங்காலுக்கு ஏறும். அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் ஒரு அலறல். இவ்வளவுதான் நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு. மெரினாவில் அத்தனை தூரம் மணலில் நடந்து போய் நாம் நனைப்பது கணுக்காலைத்தான்.

காவல்காரனுக்கு அந்தக் கணுக்காலும் கிடையாது. அவன் பார்ப்பது கடலை அல்ல, நாயை. பீச் நாய்க்கு ஜோடி வேண்டாம், ஒற்றை போதும். அதுவும் அந்தக் குவியலில் எது விலை அதிகமோ அது. அலை ஏறி வரும்போதெல்லாம் மொத்தக் குவியலையும் மார்போடு அள்ளிக்கொண்டு பின்வாங்க வேண்டும். எதிரே வரும் சுண்டல்காரப் பையன் நம்மைப் பார்க்கும் பார்வையில் மரியாதை இருக்காது. செருப்பு என்று சொல்வதும் சுருக்கத்துக்காகத்தான். அதன்மேல் கைப்பை, நாலு மொபைல், அண்ணாவின் கண்ணாடி எல்லாம் வந்து சேரும். கைக்குட்டையில் முடிந்த ஏதோ ஒன்றை அத்தை கொடுப்பாள், அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். போட்டோ எடுக்க மட்டும் "இங்க வாடா" என்று கூப்பிடுவார்கள். எடுத்து முடித்ததும் "ஐயோ, செருப்பை யாரு பாத்துக்கறா?" என்று என்னையே கேட்பார்கள். எங்கள் வீட்டு ஆல்பங்களில் கன்னியாகுமரி இருக்கிறது, மகாபலிபுரம் இருக்கிறது, நான் இல்லை. ஒரு படத்தில் மணலில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. அது நான்தான் என்று அக்கா பெண் சாதிக்கிறாள்.

கபாலி கோயிலிலும் இதே கதைதான். செருப்பு வைக்க இடம் உண்டு, டோக்கன் உண்டு. ஆனால் எங்கள் வீட்டாருக்கு டோக்கன்மேல் நம்பிக்கை கிடையாது. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று, மயிலாப்பூர் முழுக்க மாட வீதியில் நின்று அறுபத்து மூன்று நாயன்மாரையும் சேவிக்கும்போது, நான் ஒரு நீர்மோர்ப் பந்தலின் பின்பக்கம் நின்று அதே எண்ணிக்கையைத் தாண்டிய செருப்புகளைச் சேவித்திருக்கிறேன். பக்கத்து வீட்டாரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஷீட்டுக்கு வருகிறேன். மஞ்சள் கட்டங்களைப் படித்தால் தலதா மாளிகை, தம்புள்ள குகைக் கோயில், திருக்கோணேஸ்வரம், நல்லூர் கந்தசுவாமி. நாலிலும் கழற்ற வேண்டும். நல்லூரில் ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும் என்பதால் அங்கே எனக்குப் பதவி உயர்வு. தம்புள்ளயில் வெயில் ஏறினால் பாறை காலைப் பொசுக்கும் என்றும், கண்டியிலும் தம்புள்ளயிலும் காசு வாங்கிக்கொண்டு செருப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆள் உண்டு என்றும் குழுவில் எழுதினேன். பதில் அரை நிமிஷத்தில் வந்தது. "எதுக்குடா தண்டமா? நீதான் இருக்கியே."

சிகிரியாவில் மட்டும் கழற்ற வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் பாறை உச்சியில் அரண்மனை கட்டினான், ஏறுவதற்கு ஏறத்தாழ 1200 படி. அத்தைக்கு முட்டி வலி, அடிவாரத்தில்தான் இருப்பாள். ஆகவே அங்கே என் பொறுப்பு அத்தை. சிகிரியாவில் பாறையில் குளவிக்கூடுகள் இருப்பதால் சத்தம் போடாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பம் சத்தம் போடாமல் 1200 படி ஏறும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? அடிவாரம்தான் எனக்கும் பத்திரம்.

மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கட்டமும் உண்டு, நுவரெலியா பக்கத்தில் சீதா எலிய. ராமாயண யாத்திரை. அத்திம்பேர் இதற்காகவே உபன்யாச வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒன்று கேட்கிறேன். இலங்கைக்குக் கிளம்பிய அந்த முதல் குடும்பத்திலும் ஒரு தம்பி செருப்புக் காவலுக்குத்தானே நின்றான்? நந்திகிராமத்தில், பதினான்கு வருஷம். ஆனால் அவன் அதைச் சிம்மாசனத்தில் வைத்தான், ஊரே வந்து கும்பிட்டது. வேதாந்த தேசிகர் அந்தப் பாதுகைமேல் 1008 சுலோகம் பாடினார். எனக்கு யாரும் ஒரு சுலோகம் பாட வேண்டாம், திரும்பி வரும்போது ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு வரலாம் இல்லையா?

நீலக் கட்டத்தில் பெந்தோட்டை. பயணம் மே கடைசியில். தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு டூர் ஆபீஸ் கொடுத்த ஆஃபர் அது. ஆஃபர் ஏன் என்று நான் சொன்னேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பெந்தோட்டை, மிரிஸ்ஸ பக்கமெல்லாம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்கே போக வேண்டும், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு. எப்படியும் கோணேஸ்வரத்துக்குப் போகிறோம், அங்கிருந்து பக்கம், கடல் குளம் மாதிரி கிடக்கும். அத்திம்பேர் யோசித்துவிட்டு எழுதினார்: "நாம என்ன நீந்தவா போறோம்? காலைத்தானே நனைக்கப் போறோம்."

இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்ல முடியும்? இதற்கிடையில் அக்கா ரங்கநாதன் தெருவில் எல்லாருக்கும் பீச் செருப்பு வாங்கியாயிற்று. மொத்தமாக வாங்கினால் குறைச்சல் என்று ஒரே நிறம், ஒரே டிசைன். எது யாருடையது என்று கண்டுபிடிப்பதும் என் தலையில்தான். மார்க்கர் பேனாவையும் என் லக்கேஜில் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

ராமேஸ்வரம் போகலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தீவுதான். கோயில், கடல், தனுஷ்கோடி மணல், எல்லாம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலமும் திறந்துவிட்டார்கள், கப்பல் வந்தால் நடுப்பாகம் லிஃப்ட் போல மேலே போகும். "அங்க போனா திதி குடுக்கணும்டா, அது டூர் ஆகாது" என்றாள் அத்தை. அந்தமான் என்றேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்றான் அண்ணா பையன்.

கடைசியாக பாலித் தீவு. உண்மையைச் சொன்னால் என் ஆசை அதுதான். எரிமலை, நெல் வயல், தடுக்கி விழுந்தால் இந்துக் கோயில். அதையெல்லாம்விட, அங்கே பெரும்பாலான கோயில்களில் இடுப்பில் சாரோங் கட்டிக்கொண்டால் போதும், செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கடைசித் தகவலைக் குழுவில் போட்டிருக்கவே வேண்டாம். ஒரு நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"செருப்பு போட்டுண்டு போற எடத்துக்குக் கோயில்னு பேரா?"

கீழே கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். அத்திம்பேர் கொழும்பு டிக்கெட்டை புக் பண்ணிவிட்டார்.